பளபள பேட்டை!

கறுப்பு கார் ஒண்ணு உங்களைத் தாண்டிப் போகுது. அதோட கதவுல ரோட்டோர வேப்பமரம், டீக்கடை போர்டு, உங்க முகம்னு வரிசையா வழுக்கிட்டுப் போனா, 'யாருப்பா இதுக்குப் பாலீஷ் போட்டது?'னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பீங்க. அந்த 'யாருப்பா'வைத் தேடித்தான் இந்த வாரம் நம்ம டூர். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் செமஸ்டர் லீவுக்கு வெச்சுக்கலாம். இது சென்னைக்குள்ளேயே, ஒரு மெட்ரோ டிக்கெட்டும் ரெண்டு காலும் இருந்தா முடியுற மேட்டர். வாங்க!

எல்.ஐ.சி. ஸ்டேஷன்ல இறங்கி மேலே வந்ததும் அண்ணா சாலை வெயில் மூஞ்சியில அறையும். அங்கே இருந்து நடக்கிற தூரத்துல பிரியுது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. முழுப் பேரையும் சொல்லி வழி கேட்டா யோசிப்பாங்க. 'ஜி.பி. ரோடு எங்கண்ணா?'னு கேளுங்க, கை தானா நீளும். புது கார் வாங்கினவங்க ஷோரூம் வாசனை போறதுக்குள்ள வந்து நிக்கிற தெரு இது. சீட் கவர், ஃப்ளோர் மேட், ஸ்பீக்கர், ஹாரன், டேஷ்போர்டு பிள்ளையார்... கார் கம்பெனிக்காரன் மறந்துட்டதா நாம நினைக்கிற அத்தனையும் இங்கே உண்டு. பிளாட்பாரத்துல சும்மா நடந்தாலே, 'என்ன வண்டி மேடம்?'னு கடைப் பசங்க கேட்பாங்க. 'காலேஜ் பஸ்'னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே உள்ளே கூப்பிட்டாங்க.

உள்ளே ஒரு அலமாரி முழுக்கப் பளபளப்பு. டப்பாவுல மெழுகு, பாட்டில்ல மெழுகு, ஸ்ப்ரேல மெழுகு, அப்புறம் டெஃப்ளான், செராமிக், கிராஃபீன்னு நம்ம மெட்டீரியல் சயின்ஸ் சிலபஸே வரிசையா நிக்குது. எல்லா டப்பா மேலயும் ஒரே மாதிரி ஒரு சிவப்பு கார், அது மேல முத்து முத்தா தண்ணி.

கடை வாசல்ல ஒரு டெமோ நடந்துச்சு. பழைய சிவப்பு கார் ஒண்ணோட பானெட்டுக்கு நடுவுல டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பால் மாதிரி எதையோ ஊத்தித் தேய்ச்சு, துணியால ஒரு துடை. டேப்பை உரிச்சா, இந்தப் பக்கம் தூசி படிஞ்ச செங்கல், அந்தப் பக்கம் வழிச்சு எடுத்த தக்காளி ஜாம்! கார் ஓனர் அங்கிள் அங்கேயே பர்ஸைத் திறந்துட்டார். நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். இந்த 'பாதி பானெட் வித்தை'யை மனசுல வெச்சுக்கோங்க. கூவத்துக்கு அந்தப் பக்கம் போனதும் இதோட முடிச்சு அவிழும்.

அண்ணா சாலையைக் கடந்து, கூவத்தையும் தாண்டினா புதுப்பேட்டை. 2006-ல வந்த படத்தைப் பார்த்துட்டு அரிவாளோட யாராவது ஓடி வருவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. இங்கே ஓடுறது எல்லாம் தலையில சைலன்சர், தோள்ல கார் கதவு சுமந்துட்டுப் போற அண்ணன்கள்தான். பழைய வண்டிகளைப் பிரிச்சு, பிரிச்சதை எல்லாம் ரகம் ரகமா அடுக்கி விக்கிற ஊர். ஒரு கடையில வெறும் ஹெட்லைட், பக்கத்துல வெறும் கியர் பாக்ஸ், அதுக்கடுத்து சுவர் முழுக்க ஸ்டீயரிங். தரையில வருஷக்கணக்கா ஆயில் இறங்கி மண்ணே கறுப்பா, மெத்துனு இருக்கு. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது லேப். மத்தவங்களுக்கு மியூசியம். ரெண்டுக்கும் டிக்கெட் கிடையாது.

சந்து ஒண்ணுக்குள்ள தகர ஷெட். உள்ளே ஒரு கறுப்பு அம்பாசடர். பக்கத்துல லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மூக்குல கர்ச்சீஃப் கட்டினபடி ஒருத்தர். அவரை அந்தச் சந்தே 'பாலீஷ் பாய்'னுதான் கூப்பிடுது. நாமளும் அப்படியே கூப்பிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல இதே வேலை.

நான் விஷயத்தைச் சொன்னதும், பாய் ஒரு பழைய பேப்பரை எடுத்து பானெட்டுக்கு ஒரு முழம் மேல விரிச்சுப் பிடிச்சார். "படி பாப்பா."

"பேப்பரையா?"

"பேப்பரை இல்ல. பானெட்டை."

குனிஞ்சு பார்த்தா, கறுப்புக்குள்ள தலைப்புச் செய்தி தலைகீழா தெரியுது. ஆனா பனி மூட்டத்துல தெரியுற மாதிரி, ஓரம் எல்லாம் கலங்கி. "கொட்டை எழுத்து தெரிஞ்சா கழுவுன வண்டி. உள்ள இருக்குற பொடி எழுத்து தெரிஞ்சா பாலீஷ் போட்ட வண்டி. அவ்ளோதான் கணக்கு"னு சொல்லிட்டு பேப்பரை மடிச்சு வெச்சுட்டார். இதையே பெரிய கார் கம்பெனிகள் 'பிம்பத் தெளிவு'னு பேர் வெச்சு, அதுக்குனு மெஷின் வாங்கி அளக்குறாங்க. பாய் டீக்கடையில வாங்கின தினத்தந்தியை வெச்சு அளக்குறார். (புதுப்பேட்டையோட மெயின் ரோடுக்குப் பேரு ஆதித்தனார் சாலை. தினத்தந்தியை 1942-ல ஆரம்பிச்ச அதே சி.பா. ஆதித்தனார்தான். பொருத்தம் எப்படி?)

4 சதவிகித ரகசியம்

இங்கே ஒரு நிமிஷம் கிளாஸ் எடுத்துக்குறேன், தூங்காதீங்க. காரோட மேல் பூச்சுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேரா வந்து விழுற வெளிச்சத்துல அது கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புறது வெறும் 4 சதவிகிதம்தான். மீதி உள்ளே போய் கலர்ல பட்டு, கண்டபடி சிதறி வெளியே வரும். வெள்ளை கார்ல அந்தச் சிதறின வெளிச்சமே வெள்ளமா வந்து 4 சதவிகிதத்தை மூழ்கடிச்சுடும். கறுப்பு கார்லயோ உள்ளே போனது போனதுதான், திரும்பி வர்றதில்ல. அதனால அந்தச் சின்ன 4 சதவிகிதம் மட்டும் தனியா நின்னு ராஜா மாதிரி மின்னும். கறுப்புக்கு 'ஆழம்' இருக்கிற மாதிரி நமக்குத் தோணுறது இதனாலதான்.

அந்த 4 சதவிகிதம் ஒழுங்கா ஒரே திசையில திரும்பினாத்தான் பொடி எழுத்து தெரியும். மேற்பரப்புல கீறல் இருந்தா ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை ஒவ்வொரு பக்கம் தள்ளிவிடும். ராத்திரி தெருவிளக்குக்குக் கீழ நிக்கிற கார்ல, விளக்கைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா தெரியும், பார்த்திருக்கீங்களா? யாரும் உக்காந்து வட்டமா கீறினது இல்ல. கீறல் எல்லாத் திசையிலும்தான் இருக்கு. விளக்கைச் சுத்தி வளைஞ்ச மாதிரி அமைஞ்சது மட்டும் நம்ம கண்ணுக்கு வெளிச்சத்தை அனுப்புது. தலையை நகர்த்திப் பாருங்க, வலையும் கூடவே நகரும்.

ஆக, பளபளப்புங்கிறது மேலே பூசுற பொருள் இல்ல. கீழே இருக்கிற பெயின்ட் எவ்வளவு மட்டமா, வழவழப்பா இருக்குங்கிறதுதான். ஜி.பி. ரோடு வித்தையோட முடிச்சும் இங்கேதான் அவிழுது. அந்தப் பால் மாதிரி திரவத்துல இருக்கிற எண்ணெயும் சிலிக்கானும் கீறலுக்குள்ள போய் நிரம்பிக்கும். பரு மேல பவுடர் அப்புற மாதிரி! நாலு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவினா பவுடர் கரைஞ்சு, பரு பழையபடி எட்டிப் பார்க்கும். உடனே தெரிஞ்சுக்கணும்னா ஒரு வழி இருக்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து ஒரு மூலையில துடைச்சா எண்ணெய் போயிடும், நிஜ முகம் தெரியும்.

"அது தப்புனு சொல்ல மாட்டேன் பாப்பா. நாளைக்கு வண்டி விக்கிறவனுக்கு அது போதும். வெச்சு ஓட்டுறவனுக்குப் போதாது"னு பாய் தீர்ப்பு சொன்னார்.

அப்ப கீறலை எப்படி எடுக்குறது? எடுக்க முடியாது! கீறலைச் சுத்தி இருக்குற பெயின்ட்டைத்தான் அந்தக் கீறலோட ஆழத்துக்குத் தேய்ச்சு இறக்கணும். பள்ளத்தை மூட முடியலைன்னா மேட்டை வெட்டு, அவ்வளவுதான். ஆனா வெட்டுறதுக்கு எவ்வளவு இருக்குங்கிறீங்க? ஃபேக்டரியில இருந்து வர்ற கார்ல பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே 100-ல இருந்து 150 மைக்ரான். அதுல கிளியர் கோட் மட்டும் சுமாரா 40, 50. நம்ம தலைமுடியே 70 மைக்ரான் பக்கம் வரும். முடியைவிட மெலிசான ஒரு தோலை, நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல சுத்துற மெஷினை வெச்சுச் சீவணும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் காலி. போனது திரும்பாது.

புறங்கைதான் தெர்மாமீட்டர்

வேலை ஆரம்பிச்சுது. முதல்ல தண்ணி, நிறைய தண்ணி. அப்புறம் களிமண் மாதிரி ஒரு உருண்டை. ஈரமான பானெட்ல அதைத் தேய்ச்சா, கழுவியும் போகாத தார்ப் பொட்டு, இரும்புத் துகள் எல்லாம் அதுல ஒட்டிட்டு வந்துடுது. பாய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டிக்கச் சொல்லி என்னைத் தடவிப் பார்க்க வெச்சார். வெறும் கையில வழவழனு இருந்த இடம், கவர் போட்டதும் மணல் மாதிரி நறநறக்குது! களிமண் போன இடத்துல மட்டும் வழுக்குது. வீட்டுல நீங்களும் செஞ்சு பார்க்கலாம், அப்பாவோட கார் உண்மையிலேயே சுத்தமானு உடனே தெரிஞ்சுடும்.

அடுத்து ஒரு குட்டிக் காந்தம், துணியில சுத்தினது. கதவு, மட்கார்டுனு ஒட்டிக்கிட்டே வந்தார். டக் டக்குனு பிடிச்ச காந்தம் பின் கதவோட அடிப்பக்கம் மட்டும் வழுக்கி விழுந்துச்சு. "பட்டி. எப்பவோ இடிச்சிருக்கான்"னு சொல்லிட்டு சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டார். பட்டி தடிப்பா இருந்தா தகடு தூரமாயிடும், காந்தம் பிடிக்காது. பழைய கார் வாங்கப் போற சீனியர்ஸ், குறிச்சுக்கோங்க.

அப்புறம் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப். கதவு விளிம்பு, பானெட் மடிப்பு எல்லாத்துலயும் பெயின்ட் மெலிசா நிக்கும். மெஷினோட அழுத்தமும் அங்கேதான் அதிகமா விழும். தட்டையான இடத்துல நாலு தடவை போகலாம், ஓரத்துல ஒரு தடவையே ஜாஸ்தி.

பட்டாணி அளவு காம்பவுண்ட் நாலு சொட்டு. அதுல இருக்கிறது அலுமினா மாதிரி ரொம்ப நைசான உரைபொடி. மெஷின் ஓடாம முதல்ல பேடால தடவிவிட்டு, அப்புறம்தான் சுவிட்ச். ஓடவிட்டுட்டுத் தொட்டா மருந்து முழுக்க நம்ம மூஞ்சிக்கு வந்துடுமாம். இடமும் வலமும், மேலயும் கீழயும், கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி ஒரு ஒழுங்கு. ரெண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை மெஷினைத் தூக்கிட்டு, புறங்கையை பானெட்ல வெச்சுப் பார்க்குறார். உள்ளங்கை காய்ச்சுப் போச்சு, சூடு தெரியாது. புறங்கை இன்னும் பொய் சொல்லல. ஒரே இடத்துல மெஷின் நின்னா பெயின்ட் சூடேறிக் கருகிடும்.

பேடைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையா இருந்த பஞ்சு கன்னங்கரேல்னு ஆகியிருக்கு. "அழுக்கா பாய்?"

"அழுக்கைத்தான் கழுவிட்டோமே. இது வண்டியோட தோல்."

இந்த அம்பாசடர்ல கிளியர் கோட் கிடையாது. பழைய முறையில, கலரும் மினுக்கும் ஒரே பூச்சுல. அதனால தேய்க்கத் தேய்க்க கலரே பேடுக்கு வருது. இப்ப வர்ற கார்ல கிளியர் கோட்தான் தேயும், அது நிறமில்லாதது, பேட்ல ஒண்ணும் தெரியாது. எவ்வளவு போச்சுனு தெரியாமலே போயிட்டிருக்கும். எனக்கென்னவோ பழைய வண்டிதான் நேர்மையா கணக்குக் காட்டுதுனு தோணுச்சு.

இன்னொரு சுவாரசியம். நம்ம ஊர் பட்டறைகள்ல இந்த மாதிரி மினுக்குப் பூச்சை 'டூக்கோ'னு சொல்றதைக் கேட்டிருக்கலாம். அது அமெரிக்காவுல டியூபான்ட் கம்பெனி 1923-ல கொண்டு வந்த பெயின்ட்டோட பிராண்டு பேரு. அதுக்கு முன்னாடி கார்களுக்கு வார்னிஷ் அடிச்சு, காயறதுக்கே வாரக்கணக்கா காத்திருந்தாங்க. டூக்கோ அதை நாள் கணக்குக்குச் சுருக்கிடுச்சு. நூறு வருஷம் கழிச்சு பேரு மட்டும் புதுப்பேட்டை வரைக்கும் வந்து நிக்குது.

டீ பிரேக்

டீயும் வந்துச்சு, ஓனர் அண்ணனும் வந்தார். இந்த அம்பாசடர்தான் அவரோட பிழைப்பு. 2014-ல உத்தர்பாரா ஃபேக்டரியில தயாரிப்பை நிறுத்தினதுக்கு அப்புறம் இந்த வண்டிக்குத் தனி மவுசு. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுறார். போன முகூர்த்தத்துல, ராத்திரி ஊர்வலத்துல வீடியோ லைட் அடிச்சதும் பானெட் முழுக்க சிலந்தி வலை. ஆல்பத்துல மாப்பிள்ளையைவிட அதுதான் பளிச்சுனு விழுந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க பேசின காசுல பாதியைப் பிடிச்சுட்டாங்க. அடுத்த புக்கிங் கைவசம் இருக்கு, ஆனா 'வண்டியைப் பார்த்துட்டுத்தான் அட்வான்ஸ்'னு கண்டிஷன்.

"வலை எப்படி வந்துச்சு?"னு கேட்டேன். பதிலைப் பாய் சொன்னார். "தினம் காலையில தூசியோட வறட்டுத் துணி போட்டுத் துடைக்கிறார்ல, அதான்."

ரோட்டுத் தூசியில குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் அளவுகோல்ல அது 7. பெயின்ட் அது கிட்டகூட வராது. தூசியோட துடைக்கிறது, மணல் பேப்பரால செல்லமா தடவிக் கொடுக்கிற மாதிரி. நம்ம அப்பார்ட்மென்ட்ல ஒரே பக்கெட், ஒரே துணியில இருபது கார் துடைக்கிறாங்களே, இருபதாவது கார் நம்மளோடதா இருந்தா நினைச்சுப் பாருங்க. அந்த அண்ணனைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கும் தண்ணிக்கும் அதுதான் வரும்.

உங்க பைக் டேங்க்குக்குப் பாய் சொன்ன வைத்தியம் இது: முதல்ல தண்ணி ஊத்தித் தூசியை ஓடவிடு. ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், துணியை அலச இன்னொரு பக்கெட். நிழல்ல செய். போர் தண்ணியா இருந்தா காயவிடாம ஒத்தி எடு, இல்லைன்னா உப்பு வெள்ளை வெள்ளையாப் புள்ளி வெச்சுடும். பனியன் வேஸ்ட் ஆயில் துடைக்க மட்டும், பெயின்ட் பக்கம் அதைக் கொண்டு வராதே. (திருப்பூர்ல இருந்து மூட்டை மூட்டையா வர்ற துண்டுத் துணிதான் பனியன் வேஸ்ட். அதுல ஒரு தையலோ, பட்டனோ மாட்டியிருந்தா போச்சு!)

டீ கிளாஸைப் பிடிச்சிருந்த பாயோட விரலைப் பார்த்தேன். ரேகையே இல்ல. முனை எல்லாம் பானெட் மாதிரியே வழவழனு இருக்கு. "ரேஷன் கடை மெஷின்ல என் விரல் விழாது பாப்பா. வீட்டுலதான் போய் வாங்கிட்டு வருவாங்க"னு சாதாரணமா சொன்னார். ஷெட் ஆணியில ஒரு மாஸ்க் பாக்கெட் பிரிக்காமலே தொங்குது. 'போட்டா மூச்சு முட்டுது'ங்கிறார். கர்ச்சீஃப் வடிகட்டாத பொடி எல்லாம் எங்கே போகும்னு நானும் சொல்லிப் பார்த்தேன். கிளாஸை வெச்சுட்டு எழுந்துட்டார்.

மதியத்துக்கு மேல நைஸ் பேட், நைஸ் பாலீஷ். கடைசியாத்தான் மெழுகு வந்துச்சு. டப்பாவுல இருக்குற கார்னோபா மெழுகு பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனை ஜாதி மரத்தோட ஓலையில இருந்து வருது. வறட்சியில ஈரம் போயிடாம இருக்க ஓலை தனக்குத்தானே பூசிக்கிற கவசம் அது. 82 டிகிரிக்கு மேலதான் உருகும், அதனால நம்ம வெயில்லகூட வழிஞ்சு ஓடாது. பளபளக்குற சில மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 903-னு ஒரு நம்பர் இருக்கும். அதே மெழுகுதான்! டப்பா மெழுகை மட்டும் சாப்பிட்டுடாதீங்க, அதுல கரைப்பானும் கலந்திருக்கு.

பாய் மெழுகைப் பூசினாரா, காட்டினாரானு சந்தேகம் வர்ற அளவுக்கு மெலிசு. தடிமனா பூசினா ஜாஸ்தி மினுக்கும்னு நாம நினைக்கிறோம். மேல இருக்கிறதை எல்லாம் துணிதான் துடைச்சு எடுத்துட்டுப் போகும், காசுதான் கரையும். கொஞ்ச நேரம் கழிச்சு விரலால ஒரு கோடு இழுத்தார். விரல் போன இடம் இழுவாம சுத்தமா வந்துச்சு. அதுதான் துடைக்கலாம்ங்கிறதுக்கு சிக்னல். மெழுகு மினுக்கைக் கொஞ்சம் கூட்டுது, உண்மைதான். ஆனா அதோட நிஜமான வேலை, தண்ணியும் காக்கா எச்சமும் பெயின்ட்டைத் தொடாம சில வாரம் காவல் நிக்கிறது.

"அப்ப டெஃப்ளான், செராமிக் எல்லாம்?"னு கேட்டேன். டெஃப்ளானுக்கு நானே பதில் சொல்லிடுறேன். தோசைக் கல்லுல அதைப் பிடிக்க வைக்க, அது உருகுற 327 டிகிரிக்கும் மேல சூடாக்குறாங்க. கார் பானெட்டை அப்படிச் சுட்டா கார் இருக்காது. செராமிக் நிஜமாவே கெட்டிப்பட்டு ஒட்டிக்கிற ரகம், மெழுகைவிட ரொம்ப நாள் நிக்கும். ஆனா அதுவும் கண்ணாடி மாதிரி தெளிவு. கீழே சிலந்தி வலை இருந்தா அதையும் சேர்த்து பத்திரமா ஃப்ரேம் போட்டு வெச்சுடும். "செராமிக்குக்கு வாங்குற காசுல முக்காவாசி அதுக்கு முன்னாடி போடுற பாலீஷுக்குத்தான் பாப்பா. அதைப் போடாம கோட்டிங் மட்டும் அடிச்சுத் தர்றவன்கிட்ட ஏமாறாதீங்க"ன்னார் பாய்.

திரும்ப பேப்பரை விரிச்சார். இந்தத் தடவை தலைப்பு இல்ல, அதுக்குக் கீழ இருக்குற பொடி எழுத்து. தலைகீழா, ஆனா ஒவ்வொரு புள்ளியும் தெரியுது. தகர ஷெட்டோட கூரை ஓட்டை வழியா வானம் பானெட்டுக்குள்ள கிணத்துத் தண்ணி மாதிரி கிடக்குது. சத்தியமா கையை விட்டா நனையும்னு தோணுச்சு!

ஓனர் அண்ணன் மட்டும் சிரிக்கல. அம்பாசடர் பானெட்டுக்கு நடுவுல மேடு மாதிரி ஒரு திமில் உண்டு, தெரியும்ல? அந்தத் திமில் மேல சாவியால இழுத்த மாதிரி ஒரு கோடு. சுத்தி எல்லாம் கறுப்புக் கண்ணாடி ஆனதால, காலையில தெரியாத கோடு இப்ப கத்துது.

"பாய், இதையும் எடுத்துடு."

"எடுக்க மாட்டேன்."

"காசு சேர்த்துத் தர்றேன்."

"காசு விஷயம் இல்ல தலைவரே. நகம் மாட்டுது பாரு"னு அவர் கையைப் பிடிச்சுக் கோட்டுல வெச்சார். "நகம் மாட்டுற கோடு பாதி பெயின்ட்டுக்குக் கீழ போயிடுச்சு. இது திமிலு, இங்க ஏற்கனவே மெலிசு. நான் மெஷினை வெச்சா கோடு போகும், கூடவே கறுப்பும் போகும். உள்ள இருந்து பிரைமர் சிவப்பா எட்டிப் பார்க்கும். அப்புறம் பானெட் முழுக்கப் பெயின்ட் அடிக்கணும். உன் முகூர்த்தத்துக்குள்ள அது காயுமா?"

ஓனர் அண்ணன் பேசல. குனிஞ்சு அந்தக் கோட்டையே பார்த்துட்டிருந்தார். வேற பட்டறைக்குப் போனா எடுத்துத் தருவாங்களானு என்கிட்ட மெதுவா கேட்டார். எடுத்துத் தருவாங்கதான். பிரைமரையும் சேர்த்துனு சொன்னேன். மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு சொன்னதுக்காக இல்ல, ரெண்டு தடவை தானே நகத்தை வெச்சுப் பார்த்துட்டுத்தான் நம்பினார்.

பாய் சும்மா இருக்கல. டச்சப் பெயின்ட்ல ஊசி முனையை முக்கி, கோட்டோட பள்ளத்துல மட்டும் கறுப்பை இறக்கினார். மூச்சை அடக்கிக்கிட்டு, முக்கால் மணி நேரம். கோடு மறையல, ஆனா கத்துறதை நிறுத்திடுச்சு. ரெண்டடி தள்ளி நின்னா தேட வேண்டியிருக்கு.

"இந்த இடத்துலதானே பூ அலங்காரம் வரும்?"னு கேட்டார் பாய்.

"ஆமா, நட்ட நடுவுல. பெரிய ரோஜா செண்டு."

"அப்ப என்ன? செண்டுக்கு அடியில மெத்துனு துணி வெச்சுக் கட்டச் சொல்லு. நூல்ல கட்டச் சொல்லு. பூக்காரன் செல்லோ டேப்பை எடுத்தான்னா அவன் கையைப் பிடிச்சு நிறுத்து. வெயில்ல டேப் பசை இளகிடுச்சுன்னா, உரிக்கும்போது நான் இன்னைக்குப் போட்டதெல்லாம் அதோட போயிடும்."

ஓனர் அண்ணன் மொபைலை எடுத்து அங்கேயே பூக்காரருக்கு போன் போட்டார். "டேப் வேணாம்ப்பா, நூலு"னு அவர் மூணாவது தடவை சொல்லும்போது நான் கூவம் பாலத்துப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிருந்தேன்.